சைக்கிள் ஷெட்டில் விட்ட ஏலம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் அதற்கு முன்னால் பூட்டு வந்துவிடும்.

1993-இல் கணக்கு டீச்சராகப் போய்ச் சேர்ந்த முதல் வாரமே இதைத் தெரிந்துகொண்டேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், பாதி தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளி அது. நான் விழுப்புரத்துக்காரி. காலையில் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம், அங்கிருந்து டவுன் பஸ். ரயிலை விட்டுவிட்டால் கூட்டேரிப்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் தொங்காத குறையாக நின்றுகொண்டே போக வேண்டும். அப்படி நின்றுகொண்டு போன நாட்களில் என்னிடம் மாட்டிய பிள்ளைகள் பாவம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை என் வீட்டுக்காரர் கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார், இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்போது தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்குள் ஒரு கலர் டிவி. பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுவதற்காக அரசாங்கம் கொடுத்தது. பீரோவில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பூட்டு.

"பசங்க பார்க்கறதுக்குத்தானே சார் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"பார்த்தா கெட்டுப்போயிடும்மா" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு பீரோவைத் திறந்தார்கள். டிவிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கல்வித் தொலைக்காட்சியால் எங்கள் பள்ளியில் பயனடைந்தது அந்த எலிக் குடும்பம் ஒன்றுதான்.

பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. டிவிக்கு நடந்தது போதாது என்று இவற்றுக்கு இன்னும் பெரிய மரியாதை. ஓர் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை மாட்டி, தரைக்குப் பச்சை விரிப்பு போட்டார்கள். தையல் டீச்சர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சுருக்கு வைத்துப் பூப்போட்ட உறை தைத்தார். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாமி பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஆயுத பூஜை அன்று ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவோம். அன்றைக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வரலாம், சுண்டல் உண்டு. நாய்க்குக் கிடைத்த தெங்கம்பழம் என்று நான் ஆசிரியர் அறையில் சொன்னது யார் மூலமாகவோ அப்போதைய தலைமையாசிரியர் காதுக்குப் போய், என்னைக் கூப்பிட்டு அவர் கேட்டதும், நாய் யாரென்று நான் சொல்லவில்லையே சார் என்று நான் சொன்னதும் தனிக்கதை.

எனக்கு அந்தப் பெட்டிகளின் மேல் ஒரு கண். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பள்ளி விட்டு ரயிலில் இறங்கி நேராக அங்கே போவேன். என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் காலேஜ் பையன்கள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். முதல் பரீட்சை வரைக்கும்தான். நான் முதல் மார்க் வாங்கியதும் மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. யார் பார்த்துக்கொள்வது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது எல்லாரும் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். கணக்கும் பார்க்கணும், கம்ப்யூட்டரும் பார்க்கணும், உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு என்றார் பக்கத்தில் இருந்த தமிழம்மா. அவர் சொன்னது சரிதான் என்று அடுத்த மாதமே தெரிந்தது.

ஏனென்றால் அவை இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டிய வருடங்கள். மின்வெட்டு ஒரு நாளைக்குப் பல மணி நேரம். காலையில் பத்து மணிக்குப் போகும், பன்னிரண்டுக்கு வரும். சாயந்திரம் மறுபடியும் போகும். கம்ப்யூட்டர் பாடவேளை இரண்டும் காலையில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் இருந்தன. பேட்டரிகள் செத்து வெகு நாளாகியிருந்தன. யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் கணக்குப் பார்த்த கதைதான். பிளஸ் ஒன் பிள்ளைகள் இருட்டறையில், உறை போட்ட கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யும் விதத்தைப் புத்தகத்தில் படித்தார்கள். விசிறிக்கொள்வதற்கும் அதே புத்தகம்தான்.

மெல்ல மெல்ல வகுப்பு கரைய ஆரம்பித்தது. பையன்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திண்டிவனம் டவுன் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்கள். மிஞ்சியது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அதிலும் பாதிப்பேர் மரக்காணத்தை ஒட்டிய கடற்கரைக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களும் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வருவதில்லை.

அப்போதுதான் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். இவர் முன்னால் சொன்ன இருவருக்கும் பிறகு வந்தவர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். தன் பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

"டீச்சர், நம்ம கம்ப்யூட்டர் குரூப்பை எடுத்துடப் போறாங்க. ஆளு கொறைவா இருக்காம். அடுத்த வருஷம் திண்டிவனத்துல சேர்த்துடுவாங்க. மெஷினும் அங்க போயிடும். அரையாண்டுக்கு அப்புறம் அதிகாரி வந்து நேர்ல பார்ப்பாரு. அவரு எழுதறதுதான்."

"இப்ப பிளஸ் ஒன் படிக்கற பொண்ணுங்க?"

"திண்டிவனத்துக்குப் போய் பிளஸ் டூ படிக்கட்டும்."

போக மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். எங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் அனுப்புவதே பெரிய காரியம் என்று நினைக்கிற வீடுகள் அவை. குரூப்பை மூடினால் அந்தப் பிள்ளைகளின் படிப்பையே மூடின மாதிரி. இத்தனை வருடம் பூட்டி வைத்துப் பாதுகாத்தோமே சார், யாருக்காக என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கதவை நான் அறைந்து சாத்தியதாக அவர் பிற்பாடு சொன்னார். காற்று என்று நான் சொன்னேன்.

அந்த வார சனிக்கிழமை முதல் பஸ் பிடித்து மரக்காணம் போய், ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனேன். பிள்ளைகளை ஒழுங்காக அனுப்பச் சொல்லி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகத்தான் உத்தேசம். முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண், நல்ல சூட்டிகை, அவள்தான் வராதவர்களில் முதல் ஆள். அவளுடைய அம்மா கரையில் மீன் ஏலம் விடுகிறவர் என்று தெரியும். விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. படகுகள் வந்து நின்ற இடத்தில் சத்தம் வந்த திசையில் போனேன்.

மணலில் மீனைக் கூறு கூறாகக் குவித்திருந்தார்கள். சுற்றிலும் கூடையும் அலுமினியக் குண்டானுமாகப் பெண்கள். நடுவில் அந்தம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு விலையைக் கூவினார். அதற்கு மேல் ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி இன்னும் மேலே கேட்டாள். புது விலை எந்த மூலையிலிருந்து வந்தாலும் அந்தம்மா வாயில் அடுத்த நொடி அந்த விலை வந்தது. என் மாணவி ஈரக் கையோடு கீழே உட்கார்ந்து கூறு பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, எங்கே ஒளிவது என்று தெரியாமல் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

நான் ஆரம்பித்தேன். பெண்ணின் படிப்பு, எதிர்காலம், பெற்றோர் கடமை. அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி அந்தக் கூறை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"இன்னா டீச்சரம்மா, கடலு உங்க பள்ளிக்கூடத்து மணிய கேட்டுக்கினா மீனு குடுக்குது? மீனு வர்ற அன்னைக்கு ஆளு வேணும். சரி, இஸ்கூலுக்கு வந்தா மட்டும் இன்னா பண்ணுது? கம்ப்யூட்டரு படிக்கிறேன்னு சொல்லிக்கினு வருது. ஒரு நாளாச்சும் தொட்டியாடின்னு கேட்டா, கரண்டு இல்லங்குது, ரூம்பு பூட்டிக்கினு இருக்குதுங்குது, துணி போட்டு மூடிக்கினு இருக்குதுங்குது. இங்க இருந்தா ரெண்டு கூறு மீனாச்சும் விக்கும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய் சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் தலைமையாசிரியரிடம் சொன்னதுதான்.

"சரிம்மா" என்றேன். "ரூமைத் திறக்கறது என் பாடு. கரண்டு இருக்கற நேரத்துல பாடம் வைக்கறதும் என் பாடு. உங்க பொண்ணு எப்ப வரும், எப்ப வராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கவர் சுற்றிய போனை எடுத்தார்.

"கரைக்குக் கிட்ட வந்ததும் போட்டுலேந்து போன் பண்ணிடுவாங்க. எம்மாம் மீனுன்னு விடியறதுக்குள்ள தெரிஞ்சிடும். மீனு நெறைய இருந்தா உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். அன்னைக்கு இந்தக் குப்பத்துப் பொண்ணுங்க எல்லாம் மத்தியானம் வரும். மிஸ்டு கால் வரலன்னா காலையிலயே வந்துடும். எடுத்துடாதீங்க, காசு போயிடும்."

இதைவிடச் சுருக்கமான ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. நம்பரைச் சொல்லிவிட்டு வந்தேன். கிளம்பும்போது கூடை நிறைய நெத்திலி கொடுக்க வந்தார். ரயிலில் கொண்டுபோனால் விழுப்புரம் வரைக்கும் எனக்குத் தனி பெஞ்சு கிடைக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள்.

அன்றிலிருந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று டைம்டேபிள்கள். பள்ளிக்கூடத்துடையது ஒன்று, கரண்டுடையது ஒன்று. மூன்றாவது கடலுடையது. அது வெறும் காகிதம், காலையில் போன் சிணுங்கிய பிறகுதான் அதில் எழுதுவேன். பாசஞ்சரில் உட்கார்ந்தபடியே அன்றைய பாடவேளைகளை மாற்றிப் போட்டுவிடுவேன். வரலாற்று சாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது, தமிழம்மாவிடம் அதட்ட வேண்டியிருந்தது. பி.டி. சார் மட்டும் கேட்டதுமே கொடுத்தார், அவருக்கு எந்த நேரமானாலும் விசில்தானே. தலைமையாசிரியரிடம் தினமும் போய்ச் சாவி கேட்டு நிற்பேன். பன்னிரண்டு மணிக்குக் கொடுப்பார், பாடம் முடிந்ததும் கையை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

கரண்டு இல்லாத நேரத்துக்கு இருட்டறை எதற்கு என்று வகுப்பை சைக்கிள் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். தகரக் கூரை, ஆனால் இரண்டு பக்கமும் காற்று. அரசாங்கம் கொடுத்த சைக்கிள்களின் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் கேட்பார்கள்.

ஒரு நாள், கொடுத்த எண்களில் எது பெரியது என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கச் செய்வது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியில் ஓர் எண்ணை வைத்துக்கொள், அடுத்த எண்ணை அதோடு ஒப்பிடு, அது பெரியதாக இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வை. கரும்பலகையில் எழுதியாயிற்று. எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிற வகுப்பைப் போல ஒரு டீச்சருக்கு எமன் வேறு கிடையாது. ஒருத்திக்கும் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு தரம் சொன்னேன். இன்னும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

அப்போது ஏலக்காரம்மா மகள், "டீச்சர், இது எங்கம்மா பண்றதுதானே?" என்றாள்.

"என்ன பண்றாங்க?"

"ஒருத்தி ஒரு வெல கேப்பா, அம்மா அத வாயில வெச்சிக்கும். அடுத்தவ அதுக்கு மேல கேட்டா பழச வுட்டுட்டு புதுச வெச்சிக்கும். கம்மியா கேட்டா காதுலயே போட்டுக்காது. கடைசியில வாயில இன்னா நிக்குதோ அதான் டீச்சர் பெருசு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாக்பீஸை அவள் கையில் கொடுக்கவில்லை, ஏலத்தையே விடச் சொன்னேன். ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம் கிடைத்தது. அதை சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, "அம்பது! கூறு அம்பது!" என்று அவள் கூவியதும், அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் அறுபது, எழுபது என்று கத்தினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. ஏலத்தின் ஒவ்வொரு அடியையும் இன்னொருத்தி கரும்பலகையில் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிக்கொண்டே வந்தாள்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"என்ன டீச்சர் இது? இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா?"

எந்தப் பள்ளிக்கூடத்திலும் சத்தம் போடுகிற வகுப்பைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது. நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தைக்குப் பதில் இருப்பது தெரிந்தது.

"மீன் மார்க்கெட்டுதான் சார். நீங்க எவ்வளவு கேக்கறீங்க?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் திரும்பிப் போய்விட்டார். பன்னிரண்டுக்குக் கரண்டு வந்ததும் எல்லாரும் அறைக்கு ஓடி, செருப்பை உதறிவிட்டு உள்ளே போய், தட்டித் தடவி அந்த ஏலத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தார்கள். அவர்கள் கேட்ட விலைகளைக் கொடுத்ததும் திரையில் சரியான விலை வந்தது. தாங்கள் சொன்னபடி ஒரு மெஷின் கேட்கிறது என்று அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு மிஸ்டு கால் வந்த நாளில்கூட மத்தியானத்துக்கு முன்பே வந்து நின்றார்கள்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. அன்று விடியற்காலையில் போன் சிணுங்கியது. மிஸ்டு கால். நிறைய மீன்.

அதிகாரி வருவது பத்தரைக்கு. கரண்டு போவது பத்துக்கு. மீன் வந்த அன்று பிள்ளைகள் வருவது எவ்வளவு சீக்கிரமானாலும் பன்னிரண்டை ஒட்டித்தான். மூன்று டைம்டேபிளும் பேசி வைத்துக்கொண்டு என் கழுத்தில் வந்து உட்கார்ந்தன. நான் அன்றைக்கு மிஸ்டு காலோடு விடவில்லை, திரும்பக் கூப்பிட்டுப் பேசியே விட்டேன்.

"அம்மா, இன்னைக்கு அதிகாரி வர்றாரு. பொண்ணுங்க இல்லைன்னா குரூப்பை மூடிடுவாங்க."

"வெச்சிடுங்க" என்றார். அவ்வளவுதான். வருகிறார்களா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது.

அதிகாரி நேரத்துக்கு வந்தார். அதிகம் பேசாதவர். பதிவேடுகளைப் பார்த்தார், கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் வழியாக இருட்டை எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா பிள்ளைங்க?" என்று கேட்டார். உள்ளூர்ப் பெண்கள் கொஞ்சம் பேர்தான் நின்றிருந்தார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியே ஜீப்பில் ஏறிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது கேட்டுக்குள் ஒரு குட்டி யானை நுழைந்தது. மீன் ஏற்றுகிற சின்ன லாரி. பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவே, யூனிஃபார்மும் ரெட்டை ஜடையுமாக, குப்பத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருத்தியும் பாக்கியில்லை. குதித்து இறங்கினார்கள். மீன் வாடை பள்ளிக்கூடம் முழுக்க வீசியது. வாழ்க்கையில் எந்த அத்தரும் எனக்கு அவ்வளவு மணத்ததில்லை.

"கரண்டு வரட்டும் சார், அதுவரைக்கும் எங்க கிளாஸைப் பாருங்க" என்று அவரை சைக்கிள் ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். உண்மையைச் சொன்னால், பன்னிரண்டு வரைக்கும் அவரைப் பிடித்து வைப்பதுதான் திட்டம். ஏலம் ஆரம்பித்தது. மல்லாட்டைப் பொட்டலம் ஐம்பதில் தொடங்கியது. பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பார்த்துக் கத்தினார்கள். ஒரு கட்டத்தில் அவரும் "எண்பது" என்றார். விடுவார்களா? அவரைத் தொண்ணூறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி அவர் தலையில் கட்டினார்கள். தமிழம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி மல்லாட்டை உரித்துக்கொண்டே, கரும்பலகையில் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தார்.

ஆபீஸ் ரூம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. "கரண்டு!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். தலைமையாசிரியர் பூட்டைத் திறந்தார். அதிகாரியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏலக்காரம்மா மகள் புரோகிராமை ஓட்டினாள். ஷெட்டில் கேட்ட விலைகளை அடித்தாள். தொண்ணூறு என்று வந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

"நான் சொல்றதை அடி" என்றார் அதிகாரி. "ஒரு கிளாஸ். எல்லாரும் மக்கு. மார்க்கு பன்னெண்டு, முப்பத்தஞ்சு, இருபத்தெட்டு, நாப்பத்தி ஒண்ணு. இதுல யாரு பெரிய மார்க்கு?"

அவள் அடித்தாள். திரையில் ஐம்பது என்று வந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "அம்பது யாருமே வாங்கலையேம்மா?" இத்தனை நாளும் ஐம்பதுக்கு மேலேயே அடித்துப் பார்த்திருக்கிறோம். எல்லாம் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று என்று நினைத்தேன். வாயைத் திறந்து என்னவோ சமாளிக்கப் போனேன்.

"இருங்க டீச்சர்" என்றாள் அவள். என் வகுப்பில் என்னை இருக்கச் சொன்ன முதல் ஆள். திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"சார், அந்த அம்பது நான் கூவுன வெல. கரையில ஏலம் வுடறவங்கதான் மொதல்ல ஒரு வெல சொல்லுவாங்க. நானும் பெட்டியில அதையே போட்டு வெச்சிட்டேன். அந்த வெலைக்கு யாரும் கேக்கலன்னா எங்கம்மா மீன எடுத்துக் கூடையில போட்டுக்கினு வீட்டுக்கு வந்துடும். மிஷினுக்கு வீட்டுக்கு எடுத்துக்கினு போகத் தெரியல சார். யாரோ வாங்கிட்ட மாரி என் வெலையவே சொல்லுது."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"நான் வெல சொல்லக் கூடாது. மொதல்ல யாரு கேக்கறாங்களோ அவங்க வெலையிலேந்தே ஆரம்பிக்கணும்."

ஒரே ஒரு வரியை அழித்தாள். புதிதாக ஒரு வரி அடித்தாள். மறுபடியும் அதே மார்க்குகளைக் கொடுத்தாள். நாற்பத்தி ஒன்று.

யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை. நான் தட்டவில்லை, என்னால் முடியவில்லை, கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், தப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை தானாக இப்படிக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை. அவள் ஏதோ கூறு பிரித்து முடித்த மாதிரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி பாராட்டிப் பேசவில்லை. எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, தலைமையாசிரியரிடம், "இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

"என்கிட்டதான் சார். ரொம்பப் பத்திரமா."

"அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

குரூப் போகவில்லை. கம்ப்யூட்டர்களும் போகவில்லை. கொஞ்ச நாளில் அரை மணி நேரம் தாங்குகிற புது பேட்டரியும் வந்தது. அதிகாரி வந்து போன அன்று சாயந்திரம் பாசஞ்சரில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கோபமே வரவில்லை. வீட்டுக்காரர் ஸ்டேஷனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜூன் மாதம் பிளஸ் ஒன் சேர்க்கை. காலையிலேயே ஏலக்காரம்மா வந்துவிட்டார், கூடவே பக்கத்துக் குப்பங்களிலிருந்து பெண்களும் அவர்களுடைய பெண்பிள்ளைகளும். தலைமையாசிரியர் விண்ணப்பங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் குரூப்புல இத்தனை பேருக்கு எடம் இல்லைம்மா."

"இன்னா சார், ஆளு இல்ல, மூடறோம்னு சொன்னதும் நீங்கதான். எடம் இல்லன்னு சொல்றதும் நீங்கதான். ஏலம் வுட்டுடட்டுமா?"

தலைமையாசிரியர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிர்க் கட்டடத்திலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அதற்குள் ஏலக்காரம்மா மகள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியைக் கழற்றி, பூட்டைத் திறந்து ஜன்னல் கதவின் மேல் மாட்டினாள். அவள் இப்போது பிளஸ் டூ. புதுப் பிள்ளைகள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். ஒரு சின்னப் பெண் குனிந்து செருப்பின் வாரை அவிழ்க்கப் போனாள்.

"வேணாம்டி" என்றாள் அவள். "போட்டுக்கினே உள்ள வா. கரண்டு போறதுக்குள்ள ஜல்தி."